முள்ளு வைச்ச போயிலை

ஒரு றோசாக்கண்டை வாங்கி நட்டு, எருப் போட்டு, தண்ணி ஊத்தி, பிள்ளைமாதிரி வளர்த்துப்போட்டு, அது என்ன நிறத்திலை பூக்குமெண்டு கண்ணாலை காணாமலே ஒரு வருசமா இருந்த ஆள் உடுவில் முழுக்கத் தேடினாலும் தயாளினி ஒருத்தியாத்தான் இருக்கும்.

வாங்கினது மானிப்பாயிலை. தகப்பன் கதிரவேலரைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போட்டு வரேக்கை றோட்டோரம் ஒரு லொறி நிண்டது, பின்னாலை முழுக்கப் பூக்கண்டுகள். மலைநாட்டுப் பெடியன் ஒருத்தன் கத்திக் கத்தி விக்கிறான். "அக்கா, இது கட்டை ரோசாக்கா. முழங்காலுக்கு மேல வளராது. கொத்துக் கொத்தா பூக்கும். இளம் ரோஸ் கலரு, பாத்தீங்கன்னா கண்ண எடுக்க மாட்டீங்க." கண்டிலை பூ ஒண்டுமில்லை. வாற வழியிலை வெயிலுக்குக் கொட்டிப் போச்சாம். சரி, பூத்தாப் பாப்பம்தானே எண்டு வாங்கிக்கொண்டு வந்திட்டாள்.

வீட்டுக்கு முன்னாலை இடமெண்டு சொல்ல பெரிசா ஒண்டுமில்லை. படலைக்கும் விறாந்தைக்கும் நடுவிலை ரெண்டு பாய் விரிச்சால் முடிஞ்சிடும். அதிலை யன்னலுக்கு நேரை கிடங்கு வெட்டி, ஆட்டெருவும் குழையும் தாட்டு நட்டாள். எங்கடை கிணத்துத் தண்ணி தெரியும்தானே, கேத்தில் அடியெல்லாம் சுண்ணாம்பு படியிற தண்ணி. அதை ஊத்தினால் றோசா இலை மஞ்சளாப் போயிடுமெண்டு ஆரோ பேஸ்புக்கிலை எழுதியிருந்ததைப் பார்த்திட்டு, மழைக்குக் கூரைப் பீலியாலை ஓடுற தண்ணியைப் பரலிலை பிடிச்சு வைச்சு அதுக்கு மட்டும் பேணியாலை அளந்து ஊத்துவாள். அவளுக்கு வேறை என்ன கிடக்கு? பாமசியிலை நல்ல வேலை ஒண்டு இருந்தது. ஒரு நாள் கதிரவேலர் கடைக்குப் போறனெண்டு வெளிக்கிட்டு, பின்னேரம் சுன்னாகம் சந்தைக்குள்ளை, வீடு எங்கையெண்டு தெரியாமல் வெங்காயச் சாக்கிலை குந்தியிருந்தார். அண்டைக்கு விட்ட வேலைதான். தாய் மனுசியும் இல்லை. தமையன் சிவகரன் கனடாவிலை. அதுக்குப் பேந்து அவளுக்கு வீடு, குசினி, கிளினிக். உந்த முழங்கால் உயரக் கண்டு ஒண்டுதான் அவளின்ரை சொந்த அலுவல்.

கண்டும் நன்றி கெட்டதில்லை. கெதியா இலை விட்டுது, கொப்பு விட்டுது, நுனியிலை பயறளவிலை ஒரு மொட்டும் வைச்சுது. தயாளினி விடிய எழும்பினவுடனை முகம் கழுவ முந்தி அதைத்தான் போய்ப் பாப்பாள். மூண்டு நாலு நாள் பார்த்தாள். பேந்தொரு நாள் போனால் மொட்டில்லை.

அணிலெண்டு நினைச்சாள். அடுத்த மொட்டும் போனவுடனை ஆடெண்டு நினைச்சாள். மற்றதும் போக, கோயிலுக்குப் பூப்பிடுங்க விடிய வெள்ளன ஒழுங்கை வழிய வாற ஆக்களிலை சந்தேகம் வந்திட்டுது. மதிலுக்கு வெளியாலை நீட்டிக்கொண்டு நிக்கிற பூ ஊருக்குப் பொதுவெண்டது எங்கடை சனத்தின்ரை சட்டம்தானே. பக்கத்து வீட்டு ரஞ்சினி அன்ரியிட்டை மதிலாலை எட்டிச் சொல்லி அழுதாள்.

"விசரே உனக்கு?" எண்டா ரஞ்சினி அன்ரி. அவ தேவாலயத்திலை பூ அலங்காரம் செய்யிற ஆள், பூ விசயத்திலை அவவின்ரை கதைதான் கதை. "பூவைக் களவெடுப்பினம். மொட்டை ஆராவது களவெடுப்பினமே? மொட்டை வைச்சு என்ன செய்யிறது, சொதி வைக்கிறதே?"

அடுத்த நாள் தயாளினி விறாந்தைத் தூணுக்குப் பின்னாலை தேத்தண்ணியோடை ஒளிச்சு நிண்டாள். வந்தவர் வேறை ஆருமில்லை, கதிரவேலர்.

சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு நேரை கண்டடிக்குப் போனார். குனிஞ்சார். இடக்கையாலை கொப்பைப் பிடிச்சு, வலக்கைப் பெருவிரல் நகத்தாலை ஒரு நொடி. "ட்டிக்" எண்டு ஒரு சத்தம். முறிச்சதைப் பாக்கவுமில்லை, தோளுக்கு மேலாலை பின்னுக்கு எறிஞ்சார். பேந்து ஒரு எட்டு வைச்சார். அங்கை ஒண்டுமில்லை, வெறும் மண். எண்டாலும் இடக்கை காத்திலை எதையோ பிடிச்சுது, வலக்கை காத்திலை எதையோ முறிச்சுது. அடுத்த எட்டு. அடுத்த முறிப்பு. மதில் வந்து முட்டும்வரைக்கும் அப்பிடியே ஒரு வரிசை முடிச்சுப்போட்டு, முதுகை நிமித்தி வானத்தைப் பார்த்தார்.

தயாளினிக்கு அப்பத்தான் விளங்கிச்சுது. தேத்தண்ணி கையிலை ஆறிப்போச்சு.

போயிலை, புத்தகத்திலை புகையிலையெண்டு எழுதுவினமே, அதைச் செய்யாத ஆக்களுக்கு இதைச் சொல்லத்தான் வேணும். போயிலைக் கண்டு பூக்கக் கூடாது. உச்சியிலை பூ எட்டிப் பாக்குதெண்டால் கண்டின்ரை சத்தெல்லாம் பூவுக்குப் போயிடும், இலை கடுதாசிமாதிரி மெல்லிசாப் போய், காயவைச்சுப் பாடம் போட்டாலும் ஒருத்தனும் திரும்பிப் பாரான். அதாலை மொட்டுத் தலை நீட்டினவுடனை நுனியை முறிச்சுப்போடோணும். கதிரவேலர் இணுவில் பக்கத்துச் செம்மண்ணிலை வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதான். வெயில் ஏற முந்தி ஒரு தோட்டம் முழுக்க முறிச்சு முடிச்சிடுவார். மகளின்ரை பேர் மறந்திட்டுது, மனுசி செத்தது மறந்திட்டுது, சாப்பிட்டது மறந்திட்டுது. கை மட்டும் ஒண்டையும் மறக்கேல்லை.

"ஐயா, உது றோசா ஐயா. போயிலை இல்லை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கே போயிலை காட்டுறியள், தங்கச்சி?"

"முள்ளைப் பாருங்கோவன். போயிலைக்கு முள்ளு இருக்குமே?"

கதிரவேலர் விரலைப் பார்த்தார். ரெண்டு இடத்திலை கீறி ரத்தம் துளிச்சு நிண்டது. கொஞ்சம் யோசிச்சார். "ஓம். உது என்ன இனமோ தெரியேல்லை. முள்ளு வைக்குது. இந்தியாவாலை வந்த விதையாக்கும்" எண்டிட்டு உள்ளுக்குப் போயிட்டார்.

அண்டைக்குத் தொடங்கின ஆக்கினை. கோழிவலை அடிச்சாள். கதிரவேலர் வலையைக் கழட்டி ஒழுங்காச் சுருட்டி விறாந்தையிலை வைச்சுப்போட்டு மொட்டை முறிச்சார். மேலாலை நுளம்புவலையைப் போட்டாள். "ஆர் உந்தப் பயிரை மூடி அவியவிட்டது?" எண்டு ஒழுங்கையாலை போற சனத்தையெல்லாம் கூப்பிட்டு விசாரிச்சார். கண்டைக் கிண்டி வாளியிலை வைச்சு மதிலுக்கு மேலை ஏத்தினாள். அவர் கதிரை வைச்சு ஏறினார். கதிரைக் கால் சறுக்க, ரஞ்சினி அன்ரி அந்தப் பக்கத்தாலை ஓடிவந்து காலைப் பிடிச்சபடியாலை ஆள் தப்பினது. கண்டு திரும்பவும் நிலத்துக்கு வந்திட்டுது.

கிளினிக்கிலை டொக்டர் சொன்னார், "மறிக்காதேங்கோ, மறிச்சால் ஆளுக்கு அந்தரம் கூடும். கைக்கு வேறை வேலை குடுங்கோ." சரியெண்டு பயித்தங்காயை முறிக்கக் குடுத்தாள். ஒரு நாள் வடிவாய் முறிச்சார். அடுத்த நாள் சுளகைத் தள்ளிப்போட்டு, "உது குசினி வேலை. எனக்குத் தோட்டத்திலை அலுவல் கிடக்கு" எண்டு எழும்பினார். கண்டுக்குப் பக்கத்திலை மிளகாய் நட்டுப் பார்த்தாள். அந்த மிளகாய் பூத்துச் சொரிஞ்சுது, கதிரவேலர் ஒரு பூவைத் தொடவேணுமே! மிளகாய் பூத்தாத்தான் காய்க்குமெண்டது அவருக்கு நல்ல ஞாபகம்.

ரஞ்சினி அன்ரியின்ரை மனுசன் ஜெபநேசன் மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்திச்சு. "பிள்ளை, ஆளுக்குத் தேவை போயிலைதானே? உண்மைப் போயிலையையே குடுப்பம்." மோட்டச்சைக்கிளிலை இணுவிலுக்குப் போய், ஆரின்ரையோ தோட்டத்திலை கெஞ்சி நாலு போயிலைக் கண்டு கொண்டுவந்து நட்டுக் குடுத்தார். மூண்டு பேரும் விறாந்தையிலை நிண்டு மூச்சுவிடாமல் பார்த்தினம். கதிரவேலர் வந்தார். போயிலைக் கண்டைப் பார்த்தார். சந்தோசமாச் சிரிச்சார். முதல்தரம் அவற்றை முகத்திலை அப்பிடியொரு வெளிச்சம்.

"நல்ல கண்டு. இப்பத்தானே நட்டது, உதுக்கு இன்னும் நாளிருக்கு" எண்டார். அப்பிடியே ஒரு எட்டு வைச்சு றோசாவின்ரை நுனியை முறிச்சார்.

"நான் தோத்துப் போனன்" எண்டு மாஸ்டர் கையைத் தட்டிக்கொண்டு வீட்டை போயிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிவகரன் வீடியோவிலை வந்தான். பின்னாலை ஒரே பனி. தயாளினி கதையைச் சொன்னாள். அவன் சிரிச்சான். "உதுக்கே அழுறாய்? கண்டைப் பிடுங்கி எறியன். பூ வேணுமெண்டால் கடையிலை வாங்கு, நான் காசு போடுறன்."

"அண்ணை, எனக்குப் பூ வேண்டாம். எனக்கு அது பூக்கிறதைப் பாக்கோணும். ஒருக்கா. ஒரேயொருக்கா."

"ரெண்டும் ஒண்டுதானேடி?"

ரெண்டும் ஒண்டில்லையெண்டு பனிக்குள்ளை நிக்கிறவனுக்கு எப்பிடிச் சொல்லுறது? அவன் வழக்கம்போலை, "ஐயாவை எங்கையாவது பாக்கிற இடத்திலை விடுறதெண்டாலும் யோசி" எண்டான். அவள் வழக்கம்போலை, "நீ வந்து விடு" எண்டு போனை வைச்சாள்.

இப்பிடியிருக்கேக்கைதான் அந்த மொட்டு வந்தது. கண்டின்ரை அடியிலை, மதில் பக்கமா, ரெண்டு இலைக்குக் கீழை ஒளிச்சு வளர்ந்திருக்குது. கதிரவேலர் உச்சியைத்தானே பாப்பார், அது அவற்றை கண்ணிலை படேல்லை. தயாளினி கண்டபோது சுண்டுவிரல் நுனியளவு பருத்து, பச்சை உறை கீறி, கீறலுக்குள்ளாலை ஒரு கோடு தெரிஞ்சுது. றோஸ் கோடு. மதிலடிக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டி ரஞ்சினி அன்ரியைக் கூப்பிட்டாள்.

அன்ரி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிஞ்சு பார்த்தா. "நாளைக்கு, இல்லாட்டில் நாளையிண்டைக்கு விரிஞ்சிடும். ஆனால் காம்பு நிமிந்து வருது, பிள்ளை. இப்ப உன்ரை ஐயாவின்ரை கண்ணிலை படும்."

"என்ன செய்ய அன்ரி?"

அன்ரி அங்காலை இஞ்சாலை பார்த்திட்டு மெல்லமாச் சொன்னா. "கதவைப் பூட்டு. ஒரு நாளைக்குப் பூட்டி வைச்சால் ஆள் செத்தே போகும்? நீயும் ஒரு மனுசிதானே."

தயாளினி பூட்டினாள். முன்கதவு, பின்கதவு ரெண்டையும். திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு குசினிக்குள்ளை போய் நிண்டாள். கதிரவேலர் முன்கதவை இழுத்தார். பின்கதவை இழுத்தார். திரும்பவும் முன்கதவு. "ஆரங்கை? ஆரும் நிக்கிறியளே? கதவு இறுகிப் போச்சு." அவள் அவருக்குப் பின்னாலை நாலடியிலை நிண்டாள். "நான் நிக்கிறன் ஐயா. வாங்கோ, புட்டு அவிச்சனான், சாப்பிடுவம்." அவர் திரும்பி, "ஆள் ஒண்டும் இல்லைப் போலை" எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு யன்னலடிக் கதிரையிலை இருந்தார். புட்டை ஊட்டிவிட வாய் திறந்து வாங்கினார். கண் மட்டும் வெளியிலை.

பின்னேரம் ஒழுங்கையாலை சைக்கிளிலை போன ஒரு கிழவர் படலையடியிலை கால் ஊண்டி நிண்டு, யன்னல் கம்பிக்குள்ளாலை கதிரவேலரைக் கண்டிட்டு, "என்ன பிள்ளை, ஐயாவைப் பூட்டி மறியல்லை போட்டிட்டியே?" எண்டு பகிடியாக் கேட்டார். தயாளினி சிரிச்சாள். உள்ளுக்குள்ளை ஆரோ நுள்ளினமாதிரி இருந்தது. பூக்கட்டும், பூத்தவுடனை திறந்து விடுறன், பேந்து ஒரு நாளும் பூட்டன் எண்டு மனசுக்குள்ளை ஆருக்கோ சத்தியம் பண்ணினாள்.

விடிஞ்சுது. பின்கதவாலை மெல்ல வெளிக்கிட்டு, வெளியாலை பூட்டிப்போட்டு, வீட்டைச் சுத்திக்கொண்டு முன்பக்கம் வந்தாள்.

பூத்திருந்தது.

பெடியன் பொய் சொல்லேல்லை. இளம் றோஸ்தான், ஆனால் றோஸெண்டு சொல்லவும் கூச்சமான றோஸ். பிறந்த பிள்ளையின்ரை உள்ளங்கால்மாதிரி. நடுவிலை கொஞ்சம் கூட, ஓரத்துக்கு வர வரப் பால் கலந்தமாதிரி. உள்ளங்கைக்குள்ளை அடங்கிற சின்னப் பூ, இதழ் மட்டும் எண்ணேலாது, ஒண்டுக்குள்ளை ஒண்டு அடுக்கடுக்கா. தயாளினி நிலத்திலை சப்பாணி கட்டி இருந்திட்டாள். தொடேல்லை. சும்மா பார்த்தாள். படம் எடுக்கோணுமெண்டு கையைத் தடவினால் போன் உள்ளுக்குள்ளை சாஜரிலை கிடக்கு. பேந்து எடுப்பம், எங்கை ஓடப்போகுது எண்டு இருந்தாள். எவ்வளவு நேரம் இருந்தாளெண்டு அவளுக்கே தெரியாது.

யன்னலடியிலை சத்தம் கேட்டுது.

கதிரவேலர் கம்பியை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கொண்டு நிண்டார். அவள் நினைச்சாள் கத்தப்போறார், கதவிலை உதையப்போறார் எண்டு. அப்பிடி ஒண்டுமில்லை. பூவைப் பார்த்துக்கொண்டு நிண்டார், கண்ணாலை தண்ணி வடியுது, துடைக்கவுமில்லை.

"பூத்திட்டுது" எண்டார்.

"ஓம் ஐயா. வடிவா இருக்கெல்லே?"

"ஒரு நாள்த்தான் வரேல்லை. ஒரு நாள். அதுக்குள்ளை பூத்திட்டுது." அவற்றை குரல் பிள்ளையளின்ரை குரல்மாதிரி உடைஞ்சுது. "இனி இலை எடுக்கேலாது. எல்லாம் போச்சு. வீட்டிலை போய் நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஐயா, அழாதேங்கோ. ஒண்டும் போகேல்லை. இஞ்சை பாருங்கோ என்னை."

"பெட்டை பள்ளிக்கூடம் தொடங்கப்போகுது. வெள்ளைச் சட்டை தைக்கோணும். பழஞ்சப்பாத்துக் கடிக்குது எண்டு காட்டினவள், காலெல்லாம் புண். போயிலை வெட்டினவுடனை வாங்கித் தாறனெண்டு சொன்னனான். நம்பிக்கொண்டிருக்கிறாள்."

தயாளினி எழும்பி யன்னலடிக்குப் போனாள். கம்பிக்கு மேலாலை அவற்றை கையைப் பிடிச்சாள். அந்தப் பெருவிரல் நகத்துக்குள்ளை பச்சைக் கறை.

"ஐயா, அது நான்தான். அந்தப் பெட்டை நான்தான். தயாளினி. நீங்கள் சப்பாத்து வாங்கித் தந்தனீங்கள். படிச்சு முடிச்சு, வேலைக்கும் போட்டு வந்திட்டன். பாருங்கோ, எவ்வளவு வளந்திட்டன்."

அவர் அவளை வடிவாய்ப் பார்த்தார். நம்ப விருப்பப்பட்டவர்மாதிரிக் கன நேரம் பார்த்தார். பேந்து மரியாதையாக் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்கள் நல்லாயிருக்கோணும், தங்கச்சி. ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை. என்ரை மகளுக்கு ஏழு வயது. குறை நினையாதேங்கோ, ஒரு உதவி. இந்தக் கதவைத் திறந்து விடுங்கோ. இல்லாட்டில் நீங்களெண்டாலும் அதை முறிச்சு விடுங்கோ. மற்றக் கொப்பெண்டாலும் தப்பட்டும்."

அவள் ரஞ்சினி அன்ரி வீட்டுப் பக்கம் பார்த்தாள். அன்ரி இன்னும் எழும்பேல்லைப் போலை, யன்னலெல்லாம் சாத்தியிருக்கு. ஒழுங்கையிலை ஒரு சனமில்லை. ஆரெண்டாலும் வந்து "வேண்டாம், விடு" எண்டு சொல்லுவினமோ எண்டு பார்த்தாள். ஒருத்தரும் வரேல்லை. அவர் விக்கி விக்கி அழுதார். ஒரு படம் பிடிக்கப் போனை எடுக்கிறதெண்டாலும் கதவைத் திறக்கோணும், கதவைத் திறந்தால் அவர் வந்திடுவார், அதுவரைக்கும் அவர் இப்பிடியே அழோணும். அவளாலை ஏலாமல் கிடந்துது.

குனிஞ்சாள். பூவின்ரை காம்பிலை கையை வைச்சாள்.

"அதிலை இல்லை," எண்டு யன்னலாலை குரல் வந்தது. "கீழை. ரெண்டு இலை கீழை. நகத்தாலை, தங்கச்சி. இழுத்துப் பிய்க்காதேங்கோ, தண்டு கிழிஞ்சு போகும்."

ரெண்டு இலை கீழை பிடிச்சாள். முள்ளுக் குத்திச்சுது. நகத்தை அழுத்தினாள். ட்டிக்.

பூ கையோடை வந்திட்டுது. அதை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அவர் பார்த்துக்கொண்டு நிக்கிறார். அவர் செய்யிறமாதிரி தோளுக்கு மேலாலை பின்னுக்கு எறிஞ்சாள். எங்கை விழுந்ததெண்டு திரும்பிப் பாக்கேல்லை.

கதிரவேலர் நெஞ்சிலை கையை வைச்சு ஒரு பெருமூச்சு விட்டார். முகத்தைச் சாரத் தலைப்பாலை துடைச்சார். "பெரிய உபகாரம். தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுத்தான் போகோணும். மனுசி உள்ளுக்கு நிப்பா."

"ஓம் ஐயா, குடிப்பம்" எண்டாள்.

சுத்திப் போய்ப் பின்கதவைத் திறந்து, உள்ளுக்காலை வந்து முன்கதவையும் திறந்து விட்டாள். அவர் செருப்புப் போடாமல் இறங்கி நேரை கண்டடிக்குப் போனார். முறிச்ச இடத்தை விரலாலை தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பேந்து குந்தியிருந்து, நேற்று வரைக்கும் பாக்காத அடிப்பக்க இலையளை ஒவ்வொண்டா விலக்கினார். ஒரு இலைக்குக் கீழை மிளகு அளவிலை புதுசா ஒண்டு. தயாளினியும் காணாதது. நுள்ளி எடுத்து அவளின்ரை உள்ளங்கையிலை வைச்சார்.

"இதைக் கவனிக்கேல்லையே, தங்கச்சி?"

"இல்லை ஐயா."

"பாருங்கோ, ஒளிச்சிருக்கும். இனி அடியையும் பாக்கோணும்."

அவர் அடுத்த கொப்புக்குக் கையை நீட்டினார். முள்ளுக் கீறாமல் அவள் அந்தக் கொப்பை விலக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தாள்.